ஒன்று விழுந்தால் மற்றொன்று எழும்ப வேண்டும்

மண்ணை விட்டு எழும்பியவர்களுக்குக் கடதாசியின் அருமை தெரியும். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. அப்படி இடம்பெயர்ந்தவர்களிடமும் சரி, மண்சரிவில் வீடிழந்தவர்களிடமும் சரி, காணி என்றவுடன் கேட்கப்படுவது, “பத்திரம் எங்கே?” என்பதுதான்.

ஆகவே உங்கள் அனுமதிப்பத்திரப் பிரதிகளைக் கண்டி அலுவலகக் கணனியில் சேர்த்து வைத்தோம். ஒரே கணனியில்! 2025 பெப்ரவரி 9, ஞாயிறன்று நாடெங்கும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்றார் அமைச்சர். மறுநாள் எமது கணனி எழும்பவில்லை. காணி விசாரணைக்குப் பிரதி கேட்டு வந்த ஒரு தாயை வெறுங்கையோடு அனுப்பினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எம்மை அதிகம் வருத்தியது.

இப்போது மாத்தளைப் பக்கத்தில் இரண்டாவது கணனி இருக்கிறது. ஒரே மலைச்சரிவில் இரண்டையும் வைத்துப் பயனில்லை. கண்டியில் பதிவதெல்லாம் உடனுக்குடன் அங்கும் பதிவாகும். முதற் கணனி சில விநாடிகளுக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று செய்தி அனுப்பும். அது நின்றால் மற்றது தானாகவே வேலையை ஏற்கும். இதிலொரு சிக்கல் உண்டு. இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், இரண்டுமே தம்மைத் தலைவர் என்று எண்ணி வெவ்வேறு பதிவுகளை எழுதத் தொடங்கும். ஆகவே மூன்றாம் இடத்தில் ஒரு சிறு கணனி சாட்சியாக நிற்கிறது. அதன் சம்மதமின்றி எதுவும் தலைமை ஏற்காது.

ஒரு சனிக்கிழமை மின்கம்பியைப் பிடுங்கிச் சோதித்தோம். இரண்டாவது கணனி அசையவில்லை. அதன் வட்டு நிரம்பி மூன்று வாரம், யாரும் பார்க்கவில்லை! இனி மாதந்தோறும் பிடுங்கிப் பார்ப்போம்.

இதுவும் போதாது. ஒன்றில் தவறுதலாக அழிப்பது மற்றதிலும் அழிந்துவிடும். 2023இல் அரசின் முகிற் கணனிச் சேவையைப் பணம் பறிக்கும் நச்சுநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இல்லாமற் போனதால், ஏறத்தாழ 5,000 முகவரிகளின் அக்காலத் தகவல்கள் தொலைந்தன. ஆகவே வாரத்துக்கொருமுறை வேறொரு வட்டில் பிரதி எடுத்து, கம்பியைக் கழற்றிப் பெட்டியில் பூட்டுகிறோம்.

அந்தத் தாய் மீண்டும் வந்து பிரதியைப் பெற்றுச் சென்றார். பத்திரத்தை இன்னும் பதியாதவர்கள் மூலப்பிரதியோடு வாருங்கள். பதிந்தவுடன் அதை உங்கள் கையிலேயே தந்துவிடுவோம்.