இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் எத்தனை பாகை?

சுபாங் ஜெயாவில் ஏதாவது ஒரு பேரங்காடிக்குள் நுழைந்து, அடுக்கி வைத்திருக்கும் பனியன்களில் ஒன்றை எடுத்துக் கழுத்துப் பக்கம் இருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வங்காளதேசம், வியட்நாம், கம்போடியா, இந்தியா என்று ஏதாவது ஒரு நாட்டின் பெயர் இருக்கும். இந்தியா என்றிருந்தால் அது திருப்பூரில் தைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஓர் ஊரிலிருந்துதான் போகிறது. கடைக்குள் குளுகுளுவென்று இருக்கிறது. அந்தப் பனியனைத் தைத்தவர் உட்கார்ந்திருந்த இடம் எப்படி இருந்திருக்கும்?

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜொகூரின் பத்து பகாட் ஆடைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தையல் கடைகளில் ரவிக்கைத் துணி மலைபோல் குவிகிறது. கடைவீட்டு மாடி, கூரைக்கு நேர் கீழே நான்கைந்து இயந்திரங்கள், மூலையில் ஓர் இஸ்திரிப் பெட்டி, ஒரு மின்விசிறி. அங்கே நண்பகல் இரண்டு மணிக்கு எத்தனை பாகை என்று யாரும் அளப்பதில்லை.

வானிலைத் துறை அளக்கிறதே என்று கேட்கலாம். உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாளுக்கு 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் முதல் கட்ட எச்சரிக்கை. 37 முதல் 40 வரை என்றால் இரண்டாம் கட்டம். 40ஐத் தாண்டினால் மூன்றாம் கட்டம். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ், சுப்பிங்கில் பதிவான 40.1 பாகைதான் நாட்டின் உச்ச அளவு. ஆனால் இதெல்லாம் திறந்த வெளியில், நிழல் பெட்டிக்குள் வைத்த கருவி சொல்லும் கணக்கு. தகரக் கூரை, இயந்திர மோட்டார்கள், குழல் விளக்குகள், நீராவி இஸ்திரி, நெருங்கி உட்கார்ந்திருக்கும் நூறு பேரின் உடல் சூடு ஆகியவை அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்றும் சேராது. அதுதான் ஈரப்பதம். வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாக வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது சுமார் 40 பாகை போலத் தோன்றும். அதனால்தான் தொழிற்சாலைக்குள் மூன்று வெப்பமானிகளை வைத்து அளக்கச் சொல்கிறார்கள் வல்லுநர்கள்: சாதாரணமானது ஒன்று, ஈரத்துணி சுற்றியது ஒன்று, கறுப்பு உருண்டைக்குள் இருப்பது ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உடல் படும் பாடு தெரியும்.

அந்தப் பாடு உற்பத்தியையும் விடுவதில்லை. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நடுத்தர உழைப்பு உழைப்பவர் 33, 34 பாகையில் தம் வேலைத்திறனில் பாதியை இழக்கிறார். 2023இல் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் ஷ்ரோடர்ஸ் முதலீட்டு நிறுவனமும் வங்காளதேசம், கம்போடியா, பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளின் ஆடைத் தொழிலைக் கணக்கிட்டன. வெப்பத்தையும் வெள்ளத்தையும் சமாளிக்காவிட்டால் 2030க்குள் 65 பில்லியன் அமெரிக்க டாலர் ஏற்றுமதி வருமானமும், உருவாகியிருக்க வேண்டிய ஏறத்தாழ 10 லட்சம் வேலைகளும் கிடைக்காமல் போகும் என்றன.

தண்ணீர் குடிக்க யோசிப்பவர்கள்

வெப்பத்துக்கு முதல் மருந்து தண்ணீர். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை வீதம் குடிக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. சொல்வதற்குச் சுலபம்! தண்ணீர் குடித்தால் கழிவறைக்கு எழ வேண்டும். தையல் வரிசையில் ஒருவர் தோள் இணைக்கிறார், அடுத்தவர் கை வைக்கிறார், அதற்கடுத்தவர் மடித்துத் தைக்கிறார். ஒருவர் எழுந்தால் அவர் மேசையில் துண்டுகள் குவியும். பின்னால் இருப்பவர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். மேற்பார்வையாளர் வந்து நிற்பார். துண்டுக் கூலி என்றால் எழுந்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. ஆகவே பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆடைத் தொழில் நடக்கும் நாடுகளிலெல்லாம் கேட்கும் புகார் இது. சிறுநீர்த் தொற்று, மயக்கம், நாளடைவில் சிறுநீரகப் பாதிப்பு என்று அதன் விளைவு உடம்பில் தங்கிவிடுகிறது.

ஆக, தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டால் மட்டும் போதாது. வரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் சில நிமிடம் நிறுத்தலாம். அல்லது எழுந்து போகிறவரின் இடத்தில் உட்கார மாற்றாள் ஒருவரை வைக்கலாம். அந்த நிமிடங்களை அன்றைய இலக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். இலக்கு அப்படியே இருந்தால் இடைவேளை என்பது பெயருக்குத்தான்.

முதலாளிக்கு நட்டமாயிற்றே என்று தோன்றலாம். பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்த ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள். எல்.ஈ.டி. விளக்கு குறைவாகச் சூடாகும் என்பதால் வெயில் கடுமையான நாட்களில் தையல் வேகம் கூடியது. சராசரியாக ஒரு தொழிற்சாலைக்கு மின்சாரத்தில் மிச்சமானது சுமார் 2,880 டாலர். கூடுதல் உற்பத்தியால் கிடைத்தது சுமார் 7,500 டாலர். தலைக்கு மேலிருந்த விளக்கை மாற்றியதற்கே இவ்வளவு.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு, நீராவிக் குழாய்களுக்குக் காப்புறை, இஸ்திரிப் பகுதியைத் தையல் பகுதியிலிருந்து பிரித்து அதன் சூட்டை வெளியேற்றும் விசிறி ஆகியவையும் அதே வகைதான். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஈரத் திண்டு வழியாகக் காற்றை இழுத்துக் குளிரவைக்கும் முறை வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே அப்படியே மாட்டினால், ஏற்கெனவே ஈரமான காற்றில் மேலும் ஈரம் சேரும். நம் ஊருக்கு வேகமாகச் சுழலும் சாதாரண மின்விசிறியும் திறந்த சன்னலும் எவ்வளவோ மேல்.

புதிதாக வந்தவர்கள்

வெப்பத்தில் சுருண்டு விழுகிறவர்களில் பலர் வேலைக்குப் புதியவர்கள். உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் வேலை கொடுத்து, நாளுக்கு நாள் அதே அளவு கூட்டிக்கொண்டு போவது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறை. நேப்பாள மலைப் பகுதியிலிருந்து நேற்று விமானத்தில் வந்து இறங்கிய இளைஞரை இன்று காலை நீராவி இஸ்திரியின் முன் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து புரியும். இரவில் அவர் தூங்கும் விடுதி அறையும் புழுங்கினால், பகலில் ஏறிய சூடு இறங்க வழியே இல்லை.

தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்குப் போக வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ, யார் எவர் என்று தெரியாமல் குழம்பினாலோ அது வெப்பப் பக்கவாதம், உயிருக்கு ஆபத்து. 999ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ், 2016இலேயே வெப்ப அழுத்தத்துக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அது வழிகாட்டிதான், இத்தனை பாகையானால் வேலையை நிறுத்து என்று கட்டளையிடும் சட்டமல்ல. 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்கிறது. ஐந்து மணி நேரம் என்பது ஆபீஸ் நாற்காலிக்குச் சரி. நீராவிக்கு முன்னால் அது மிக நீளம். திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு அது தருகிறது. சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் உண்டு.

உரிமை காகிதத்தில் இருக்கிறது. எழுந்து நிற்கத்தான் தைரியம் வேண்டும். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கும்போது யார் எழுந்து நிற்பார்? திண்டுக்கல்லில் 2022இல் ஒரு தொழிற்சங்கமும் ஆடை நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாடு இங்கே கவனிக்கத் தக்கது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஏற்பட்டது அது, வெப்பத்துக்காக அல்ல. ஆனால் வேலைத் தளத்திலேயே பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் சக பெண்களின் புகாரைக் கேட்டு எடுத்துச் சொல்ல அதில் வழி உண்டு. கழிவறைக்கு விடவில்லை, விசிறி ஓடவில்லை என்பதையும் அப்படி ஒருவர் வழியாகச் சொல்ல முடிந்தால், தனியாளாகப் பயந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

அதுவரை செலவில்லாத ஒரு காரியம் உண்டு. சுவரில் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கும் அறிவிப்பை வங்காளமோ நேப்பாளியோ மட்டும் படிப்பவரால் புரிந்துகொள்ள முடியாது. வெளிர் மஞ்சள் முதல் அடர் பழுப்பு வரை சிறுநீரின் நிறங்களை வரிசையாகக் காட்டும் அட்டை ஒன்றைக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், எந்த மொழிக்காரரும் தாம் இன்று போதுமான தண்ணீர் குடித்தோமா என்று தாமே பார்த்துக்கொள்ளலாம்.