தரை இறங்கியதால் எழுந்த குன்று

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பைன் காட்டு மேட்டுநிலத்தில் தன்னந்தனியாக நிற்கிறது ஒரு பாறைக் குன்று. பெயர் டெவில்ஸ் டவர். அடியிலிருந்து உச்சிவரை 264 மீட்டர், சுற்றிலும் செங்குத்துச் சுவர். சுவர் முழுக்க மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள். ஒரு கரடி நகத்தால் பிறாண்டிய தடங்கள் அவை என்று அங்குள்ள பழங்குடிகள் பலரிடம் கதை உண்டு. எவ்வளவு பெரிய கரடியாக இருக்க வேண்டும், நினைத்துப் பாருங்கள்!

நிலத்தைப் பிளந்துகொண்டு குன்று மேலே வந்தது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். நடந்தது நேர்மாறு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறைக்குழம்பு பூமிக்குள்ளிருந்து மேலேறி, மணற்பாறை, களிப்பாறை அடுக்குகளுக்கு நடுவே புகுந்து இறுகியது. அது எரிமலையின் குழாயை அடைத்துக்கொண்ட குழம்பா, தரையை எட்டாமலே தங்கிவிட்டதா என்று நிலவியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இறுகியபோது அதைச் சுற்றி வேறு பாறை இருந்தது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

குழம்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். கோடையில் வற்றிய குளத்தின் சேறு கட்டம் கட்டமாக வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கணக்குதான். ஆனால் இங்கே வெடிப்பு மேலோடு நிற்கவில்லை. சூடு தணியத் தணிய, வெடிப்பும் பாறைக்குள் நீண்டுகொண்டே போனது. ஐந்து பக்கமும் ஆறு பக்கமும் கொண்ட நெட்டைத் தூண்கள் அப்படிப் பிறந்தவை. அடிப்பக்கத்தில் ஒரு தூணின் அகலமே ஏறக்குறைய 2 மீட்டர். கரடிக் கோடுகள் என்றோமே, அவை தூண்களுக்கு இடைப்பட்ட வெடிப்புகள்தாம்.

மிச்ச வேலையை மழையும் பெல் ஃபூர்ஷ் ஆறும் பார்த்துக்கொண்டன. மென்மையான பாறைகள் கரைந்து போயின. சுற்றியிருந்த நிலம் இறங்க இறங்க, கெட்டிப் பாறை வெளியே தெரிந்தது. அதற்கும் தேய்மானம் உண்டு. முறிந்து விழுந்த தூண் துண்டுகள் அடிவாரத்தில் குவிந்து கிடக்கின்றன.

உச்சி கிட்டத்தட்டச் சமதளம். புல்லும் கள்ளியும் முளைத்திருக்கின்றன. எலி, அணில், பாம்புகூட அங்கே உண்டு. அவை எப்படியோ ஏறிவிட்டன. 1941 அக்டோபரில் ஜார்ஜ் ஹாப்கின்ஸ் என்பவர் பாராசூட்டில் அங்கே குதித்தார். இறங்குவதற்காக விமானத்திலிருந்து போட்ட கயிறு அவர் கைக்கு எட்டாத இடத்தில் விழுந்தது. மலையேறிகள் வந்து இறக்கும்வரை ஆறு நாள் மேலேயே இருந்தார். சாப்பாடும் போர்வையும் விமானத்திலிருந்து வந்து விழுந்தன.