சுருட்டும் சுண்டெலியும்

உறையூர் என்றதும் உங்களுக்குக் கைத்தறிச் சேலை நினைவுக்கு வரலாம். பெரியவர்களைக் கேளுங்கள், சுருட்டு என்பார்கள். உறையூரில் சுற்றிய திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்துவரை போயிற்று. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிந்துவிடுகிறார் ஹோம்ஸ்!

அந்தப் புகை இன்னொரு துப்பும் தருகிறது. அது முடக்குவாதம் பற்றியது.

முடக்குவாதம் என்பது முதுமையில் மூட்டு தேய்வது அன்று. கிருமிகளை விரட்ட வேண்டிய நமது தற்காப்புப் படையே நம் மூட்டுகளைத் தாக்குகிறது. காலையில் விரல்கள் விறைத்துக்கொள்ளும். அறுந்த நூலை முடியவோ, சோறு பிசையவோ இயலாது. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. படைக்கு ஏன் இந்தக் குழப்பம்?

விஞ்ஞானிகள் சுண்டெலியை நாடினார்கள். மூட்டுக் குருத்தெலும்பில் கொல்லாஜன் என்ற புரதம் உண்டு. (மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு என்று 1954-55-இல் காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தாம்.) வேறு பிராணியின் கொல்லாஜனைச் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால் மூட்டுவாதம் வருகிறது என்று 1980-இல் கண்டார்கள். சில வாரங்களில் பாதங்கள் சிவந்து வீங்கின. அந்நியப் புரதத்தை எதிர்க்கக் கிளம்பிய படை, சொந்தப் புரதத்தையும் விட்டுவைக்கவில்லை!

வீங்கிய மூட்டுகளில் புரதங்களே சற்று மாறியிருந்தன. அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி சிட்ருலினாக மாற்றியிருந்தது. எடையில் ஒரு ஹைட்ரஜன் அணு அளவுதான் வித்தியாசம். ஆனால் அர்ஜினைனின் நேர்மின்சுமை போய்விடுவதால் புரதத்தின் மடிப்பு குலையக்கூடும். காவற்படைக்கு அது புதுமுகம். (சிட்ருலின் முதலில் கிடைத்தது தர்பூசணியில். பெயரும் அதனால் வந்ததே. பழம் தின்னப் பயப்படாதீர்கள். புரதத்துக்குள் நடக்கும் மாற்றமே வில்லன்.) அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது சுண்டெலிகளின் நோய் தணிந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

இனி புகைக்கு வருவோம். புகைபிடிப்போரின் நுரையீரலிலும் இதே மாற்றம் நடப்பதை 2006-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். குறிப்பிட்ட மரபணு அமைப்பும் இருந்தால் ஆபத்து பன்மடங்கு. மாறிய புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தோன்றிவிடலாம். வீட்டில் யாருக்காவது தினமும் காலையில் விரல்கள் நெடுநேரம் விறைத்தால், மருத்துவர் இரத்தத்தில் தேடச் சொல்வது இதைத்தான். மூட்டு சிதையுமுன் மருந்தைத் தொடங்க அப்போது நேரம் இருக்கிறது.