சுங்கமும் துறைக்கட்டணமும்: காலனியக் காலச் சென்னை மாகாணத் துறைமுகங்களில் சரக்கு இறக்கல், சேமிப்புத் தண்டல்கள்

ஆய்வுச்சுருக்கம்

காலனியக் காலச் சென்னை மாகாணத்தின் துறைமுகங்களில் ஒரே சரக்கின்மீதும் அதனை ஏற்றிவந்த கப்பலின்மீதும் பல்வேறு தண்டல்கள் விதிக்கப்பட்டன. அவற்றுள் சுங்கவரி அரசின் பொது வருவாய். இறக்குக் கட்டணமும் துறைமேடைக் கட்டணமும் சேமிப்புக் கட்டணமும் ஒரு பணிக்கான விலையாகக் கருதப்பட்டவை. தமிழில் எழுதப்படும் வணிக வரலாறுகளில் இவையனைத்தும் ‘துறைமுக வரி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கப்படுவதுண்டு. இவற்றைப் பிரித்தறியாவிடில், 1882க்குப் பிந்தைய ஆண்டுகளில் வணிகத்தின்மீதிருந்த சுமையைப் பிழையாக மதிப்பிட நேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுங்கம், துறைமுகத் தீர்வை, இறக்குக் கட்டணம், துறைமேடைக் கட்டணம், தாமதக் கட்டணம், சென்னைத் துறைமுகம்.

முன்னுரை

கடல்வழி வந்த பொருளுக்கு வரி தண்டுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் செல்லும் பண்டங்கள் புலிமுத்திரை இடப்பெற்று, காவலுடைய முற்றத்தில் குவிக்கப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. ‘உல்கு’ என்னும் பழஞ்சொல்லும், முதற்குலோத்துங்கனுக்கு வழங்கிய ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பெயரும் இம்மரபின் நீட்சியைக் காட்டுவன. இம்மரபில் வரி என்பது அரசுரிமை. பொருளை இறக்கியதற்கும் காத்ததற்கும் தனித்தனியே விலை கூறும் வழக்கத்தை இச்சான்றுகள் காட்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் துறைமுகச் சட்டங்கள் இவ்விரண்டையும் பிரித்தன. வரி ஒரு கணக்கிலும், பணிக்கான கட்டணம் மற்றொரு கணக்கிலும் சென்றன. இப்பிரிவு எவ்வாறு உருவாயிற்று, யார்மீது சுமையாயிற்று, இன்று ஆவணங்களை வாசிப்போர் எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

1. தண்டல்களின் வகைகள்

முதலாவது சுங்கவரி. இது சரக்கின்மீது, பெரும்பாலும் அதன் மதிப்பின் விழுக்காடாக விதிக்கப்பட்டது. 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டம் இதன் நடைமுறையை வகுத்தது. வருவாய் அரசின் கருவூலத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது துறைமுகத் தீர்வை. இது சரக்கின்மீதன்றிக் கப்பலின்மீது, அதன் பதிவு டன் அளவைக் கொண்டு விதிக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடங்கி 1875, 1889, 1908 ஆகிய ஆண்டுகளின் இந்தியத் துறைமுகச் சட்டங்கள் வழியாக இது தொடர்ந்தது. இத்தொகை அந்தந்தத் துறைமுகத்தின் நிதிக்கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

மூன்றாவது இறக்குக் கட்டணமும் ஏற்றுக் கட்டணமும். கரையிறங்கும் அல்லது கப்பலேறும் சரக்கின்மீது, எடை, பருமன், எண்ணிக்கை ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு இது கணக்கிடப்பட்டது. மேடையைப் பயன்படுத்தியதற்கான ‘வார்ஃபேஜ்’ எனும் துறைமேடைக் கட்டணம் இதனோடு நெருங்கிய உறவுடையது.

நான்காவது சேமிப்புத் தண்டல்கள். கிடங்கு வாடகையும், இலவச நாள்கள் கடந்தபின் விழும் ‘டெமரேஜ்’ எனும் தாமதக் கட்டணமும் இதில் அடங்கும். ‘டெமரேஜ்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குவது. கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் அது கப்பலைக் காத்திருக்க வைத்ததற்கு ஈடாகக் கப்பலுடையார் பெறுவது. துறைமுகக் கட்டண அட்டவணையில் அது சரக்கை உரிய நாளில் எடுக்காததற்குத் துறைமுகம் பெறுவது. தமிழாக்கம் செய்வோர் இவ்வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும்.

2. அலைவாய்க்கரையிலிருந்து துறைமேடைக்கு

கட்டணம் பெறுவதற்கு முதலில் ஒரு பணி இருத்தல் வேண்டும். 1639இல் ஆங்கிலேயர் குடியேறிய சென்னைக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணிகளின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் சரக்கையும் பயணிகளையும் அலைகளினூடே கரைசேர்த்தன. அப்போது இறக்குச் செலவு என்பது படகுக்கூலியே. நனைதலும் கவிழ்தலும் அப்பயணத்தின் இயல்பான இடர்கள்.

1861இல் இரும்புத் தூண்கள்மேல் கடலுக்குள் நீண்ட பாலம் பயன்பாட்டிற்கு வந்தது. சரக்குகள் அலை உடையும் பகுதியைத் தவிர்த்து இறங்க அது வழிசெய்தது. 1870களின் நடுப்பகுதியில் அலைதடுப்புச் சுவர்களாலான செயற்கைத் துறைமுகத்தின் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைப் பெரிதும் சிதைத்தது. மறுசீரமைப்புக்கு இடையே 1886இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கான சட்டம் இயற்றப்பட்டது. 1905ஆம் ஆண்டின் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1904 முதல் 1919 வரை தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் நுழைவாயில் வடகிழக்கிற்கு மாற்றப்பட்டது. துறைமேடைகளும் கிடங்குகளும் விரிவடைந்தன.

இம்மாற்றத்தில் உரிமையும் கைமாறியது. படகோட்டியின் கூலியாக இருந்த செலவின் ஒரு பகுதி, கழகத்தின் அட்டவணைப்படியான கட்டணமாயிற்று. பொறுப்பும் அதனோடு வரையறுக்கப்பட்டது. கழகம் தன்வயம் ஏற்றுக்கொண்ட சரக்கைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி பிறர் பொருளை ஒப்படைவாகப் பெற்றவருக்கு உரிய கவனத்தை அது காட்ட வேண்டும் என 1905ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. அதற்கு எதிரிணையாக, கட்டணம் செலுத்தப்படும்வரை சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமையும், உரிய காலத்தில் எடுக்கப்படாத சரக்கை விற்கும் உரிமையும் கழகத்திற்கு இருந்தன.

3. வரி நீங்கிய காலத்தில் கட்டணம்

இங்கு ஒரு காலப்பொருத்தம் கவனத்திற்குரியது. தடையிலா வணிகக் கொள்கையின் உச்சமாக 1882இல் இந்தியாவின் இறக்குமதி வரிகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டன; உப்பு, மதுவகை, படைக்கலம் போன்ற சில பொருள்களுக்கு மட்டுமே அவை எஞ்சின. பொதுவான இறக்குமதி வரி 1894இல்தான் மீண்டும் விதிக்கப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில், பெரும்பாலான பொருள்களைப் பொறுத்தவரை சுங்கச்சாவடி வணிகனிடம் ஏதும் கேட்கவில்லை.

துறைமேடை கேட்டது. 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சென்னைச் சட்டம், சென்னை நீங்கலான வெளித்துறைமுகங்களில் இறக்கு, ஏற்றுக் கட்டணங்களுக்கு வழிவகுத்தது. கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி, காக்கிநாடா, கள்ளிக்கோட்டை, மங்களூர் முதலிய துறைகள் மாகாணத்தின் வெளித்துறைமுகங்களாகும். அடுத்த ஆண்டே சென்னைக்கான சட்டம் வந்தது. ஆக, வரியில்லா வணிகம் எனப் போற்றப்பட்ட காலத்திலேயே மாகாணத்தின் கட்டண அமைப்பு சட்ட உருப்பெற்றது.

இதனை ஒரு கரவுச்செயலாகக் கொள்ள வேண்டியதில்லை. அலைதடுப்புச் சுவருக்கும் பாலத்திற்கும் தூர்வாரலுக்கும் பெருஞ்செலவு ஆயிற்று. பயன்படுத்துவோரே அச்செலவை ஏற்க வேண்டும் என்பது அக்கால நிருவாகக் கொள்கை. ஓர் ஊரில் தண்டிய கட்டணம் அவ்வூர்த் துறைக்கே செலவாதல் வேண்டும் என்பதும் அக்கொள்கையின் பகுதி. வரிக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. எனினும், சுங்க வருவாய்ப் பட்டியலை மட்டும் கண்டு இக்காலத்து வணிகம் சுமையற்றிருந்தது என முடிவுகூறுவது பொருந்தாது.

4. அளவையும் சுமையும்

கட்டணம் யார்மீது கூடுதலாக அழுத்தியது என்பதை அதன் அளவையே தீர்மானிக்கிறது. விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஒரே எடையுள்ள இரு பொதிகளுள் ஒன்றின் மதிப்பு 10 ரூபாய். மற்றொன்றின் மதிப்பு 100 ரூபாய். 5 விழுக்காட்டுச் சுங்கவரி முதற்பொதிக்கு 8 அணாவும் இரண்டாம் பொதிக்கு 5 ரூபாயும் ஆகும். பொதிக்கு 4 அணா எனக் கட்டணம் விதித்தால், அது முதற்பொதியின் மதிப்பில் 2.5 விழுக்காடு, இரண்டாம் பொதியின் மதிப்பில் 0.25 விழுக்காடு மட்டுமே. மதிப்புவழி வரியில் இருபொதிகளும் சமவிகிதச் சுமையைத் தாங்குகின்றன. எடைவழிக் கட்டணத்தில் மலிவான பொருள் பத்துமடங்கு விகிதச் சுமையைத் தாங்குகிறது.

பொருள்வகைக்கேற்ப வெவ்வேறு வீதங்களை வகுத்து இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்க இயலும். ஆகையால் அட்டவணையில் எப்பொருள் எவ்வகையில் வைக்கப்பட்டது என்பது வணிகர்க்கு உயிர்நிலையான வினாவாயிற்று. அதனைத் தீர்மானித்த குழுவில் வணிக அமைப்புகளுக்கு இடமிருந்தது. ஐரோப்பிய வணிகரின் சென்னை வணிகக் கழகம் 1836இலேயே தோன்றிவிட்டது. இந்திய வணிகர்க்கான தென்னிந்திய வணிகக் கழகம் தோன்றியது 1909இல். 1886, 1905 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் உருவானபோது இந்திய வணிகரின் சார்பில் பேசத் தென்னிந்திய வணிகக் கழகம் இல்லை என்பதைக் கட்டண வரலாற்றை எழுதுவோர் மறத்தலாகாது.

5. காலத்திற்கு விலை

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், நீராவிக் கப்பல்களின் வரவு பெருகியது. நிலத்தில் இருப்புப்பாதை துறைகளை உள்நாட்டோடு இணைத்தது; தூத்துக்குடிக்கு அது 1876இல் வந்தது. சரக்கு விரைந்து வந்து விரைந்து நீங்க வேண்டிய சூழலில், கொட்டகையில் கிடக்கும் பொதி அடுத்த கப்பலின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதனால் சில நாள்கள் இலவசம், பின்னர் நாள்தோறும் கட்டணம் என்னும் முறை வலுப்பெற்றது. இதன் நோக்கம் வாடகை ஈட்டுவதைக் காட்டிலும் இடத்தைக் காலிசெய்விப்பதே.

சரக்கு தாமதமாவதற்கு உரியவரே காரணமாகாதபோது என்செய்வது? சுங்க அலுவலர் ஆய்வுக்காகப் பொருளை நிறுத்திவைத்தால் அந்நாள்களுக்கும் கட்டணம் உண்டா? 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த இவ்வினா, விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து உச்சநீதிமன்றம்வரை சென்றது. சென்னைத் துறைமுகக் கழகத்திற்கும் அமின்சந்த் பியாரேலால் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில், 1975இல் நீதிமன்றம் துறைமுகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. உரியவரின் குற்றமின்றியே சரக்கு தங்க நேர்ந்தாலும் அட்டவணைப்படியான தாமதக் கட்டணம் செல்லும் என்பது அதன் சாரம். பணிக்கு விலை எனத் தொடங்கிய கட்டணம், இடத்தைக் காக்கும் கருவியாகவும் ஏற்கப்பட்டதை இத்தீர்ப்பு காட்டுகிறது.

6. ஆவணங்களை வாசிக்கையில்

மேற்கண்டவற்றிலிருந்து ஆய்வாளர்க்குப் பயன்படும் மூன்று எச்சரிக்கைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ‘டன்’ என்னும் அலகு. கப்பலின் பதிவு டன் 100 கன அடிக் கொள்ளளவு; சரக்கின் பரும டன் 40 கன அடி; எடை டன் 2,240 பவுண்டு. தீர்வைக் கணக்கில் காணும் டன்னையும் துறைமேடைக் கணக்கில் காணும் டன்னையும் கூட்டுவதோ ஒப்பிடுவதோ பொருந்தாது.

இரண்டாவது, நிதியின் பெயர். வெளித்துறைமுகங்களின் கணக்குகளில் துறைமுக நிதியும் இறக்கு, ஏற்றுக் கட்டண நிதியும் தனித்தனியானவை. முன்னதன் ஏற்றம் கப்பல்களின் வரவைக் காட்டும்; பின்னதன் ஏற்றம் சரக்கின் அளவைக் காட்டும். பெரிய கப்பல்கள் குறைந்த சரக்குடன் வந்துபோனால் முன்னது உயரும், பின்னது உயராது.

மூன்றாவது, கட்டணத்திற்கு வெளியே நின்ற செலவு. தூத்துக்குடியில் கடல் ஆழமற்றதாகையால் பெருங்கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில் நிற்க, தோணிகளே சரக்கைக் கொண்டுவந்தன. அங்கு 1924ஆம் ஆண்டின் சட்டத்தால் தனிப் பொறுப்புக் கழகம் அமைந்த பின்னரும் தோணிக்கூலி நீங்கவில்லை. அச்செலவு துறைமுகக் கணக்கில் தெரியாது. வணிகரின் பேரேட்டிலேயே தெரியும்.

முடிவுரை

சுங்கவரி பொருளின் மதிப்பையும், துறைமுகத் தீர்வை கப்பலின் கொள்ளளவையும், இறக்குக் கட்டணம் சரக்கின் அளவையும், தாமதக் கட்டணம் நாள்களையும் அடிப்படையாகக் கொண்டவை. நான்கும் நான்கு வேறு உண்மைகளுக்குச் சான்றாவன. 1882 முதல் 1894 வரையிலான காலம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: சுங்கப் பட்டியல் சுமை நீங்கியதைக் கூற, 1885, 1886 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் புதிய சுமை அமைந்ததைக் கூறுகின்றன. இச்சட்டங்களின்கீழ் வெளியான கட்டண அட்டவணைகளை, அவ்வாண்டுகளின் பொருள் விலைகளோடு துறைவாரியாக ஒப்பிட்டால், மலிவான உள்நாட்டு விளைபொருள்களை அனுப்பியோர் தாங்கிய உண்மையான சுமை புலப்படும். அத்தகைய ஒப்பாய்வுக்கு முதற்படி, ‘துறைமுக வரி’ என்னும் பொதுச்சொல்லைக் கைவிட்டு ஒவ்வொரு தண்டலையும் அதற்குரிய பெயரால் குறிப்பதேயாகும்.