வற்றாயிருப்பும் அதன் கண்மாய்களும்

ராஜபாளையம் என்ற பெயரில் ராஜுக்கள் இருக்கிறார்கள். வில்லி என்ற வேடர் தலைவன் காடு திருத்தி அமைத்த புத்தூர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது தலபுராணம். இவ்விரண்டுக்கும் வடக்கே, மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்புப் பேரூருக்கு ஆள் பெயர் கிடையாது. நீர் வற்றாத இருப்பிடம், அதாவது ‘வற்றாயிருப்பு’ என்பதுதான் மருவியது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஆங்கிலத்தில் அது ‘வாட்ராப்’ ஆகிவிட்டது.

பெயருக்கேற்ற மழை உண்டா என்றால், இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மறிப்பதால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. இங்கே கண்மாய் நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழைதான். மலையில் பிறக்கும் பெரியாறும் கோவிலாறும் குறுகிய காட்டாறுகள். (முல்லைப் பெரியாறு வேறு, வெளியூர்க்காரர் குழம்புவதுண்டு.) மழை பெய்த அன்று பாறையை உருட்டும், சில நாளில் மணல் தெரியும். மிச்ச நீர் அர்ச்சுனா நதி வழியாக வைப்பாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது.

அப்படி ஓடுகிற நீரை முன்னோர் வழியிலேயே பிடித்து நிறுத்தினார்கள். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதுவே கீழ்க் கண்மாய்க்கு வரத்து. ஒவ்வொரு கண்மாய்க்கும் கீழே வயல், வயலை ஒட்டி ஊர். சுந்தரபாண்டியம் பாண்டியர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கான்சாபுரத்தைக் கான்சாகிபு யூசுப்கானோடு சேர்த்துச் சொல்வார்கள். காலம் வேறானாலும் எல்லா ஊரும் தேடி வந்தது இந்தத் தண்ணீரைத்தான். நெல்லும் தென்னையும் இன்றும் இதை நம்பியே நிற்கின்றன.

பிளவக்கல் அணைகள் பிற்காலத்தவை. பெரியாறு அணை 47 அடி, கோவிலாறு அணை 42 அடி. வைகை அணையின் 71 அடியோடு ஒப்பிட்டால் சிறியவைதான். 2025-இல் கைப்பேசி வீடியோவால் பக்கத்துக் கூமாபட்டி தமிழ்நாடெங்கும் தெரிந்த பெயரானது. பார்க்க வந்தவர்கள் அணையைத் தேடினார்கள்; கண்மாயை யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது அதைத்தான். வெள்ளம் கொண்டுவரும் மண் மேல் கண்மாயில் தங்கத் தங்க, கொள்ளளவு குறைகிறது. சீக்கிரம் நிறைந்து மறுகால் போவதைப் பார்த்து மகிழ்கிறோம். மாசியில் கடைமடைக்காரர் மோட்டாரை நம்ப வேண்டியிருக்கிறது. வரத்துக்கால் ஆக்கிரமிப்பு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கண்மாய் காய்ந்திருக்கும் காலத்தில் வட்டாட்சியர் அனுமதி பெற்று வண்டலை இலவசமாக அள்ளலாம். மலையடிவாரச் செம்மண்ணில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரையோரத்திலும் மடையருகிலும் மட்டும் தோண்டக் கூடாது.