பழைய எஞ்சினும் ஏற்ற எண்ணெயும்

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. பத்மினியோ அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னரே விடைபெற்றது. ஆயினும், திருமணத்திற்கும் திருவிழாவிற்கும், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கும் இவ்வண்டிகளையே நம்பியிருக்கும் இல்லங்கள் இன்றும் உண்டு. ஆகவே, அவற்றிற்கு எந்த எண்ணெயை ஊற்றுவது என்பது அற்பமான வினா அன்று.

எண்ணெய் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இதன் பொருள் யாது? ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, எண்ணெய் கடுங்குளிரிலும் எளிதில் ஓடும். பின்னுள்ள எண் கூடக் கூட, 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் அது கெட்டியாக நிற்கும்.

உலோகத்தோடு உலோகம் உரசாதபடி இடையே படலமாக நிற்பதே எண்ணெயின் கடமை. இக்காலத்து எஞ்சின்களில் பாகங்களுக்கிடையேயுள்ள இடைவெளி மிகக் குறுகியது; 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற நீர்த்த எண்ணெய்கள் அவற்றிற்கு ஏற்றவை. பழைய எஞ்சினிலோ இடைவெளி அகன்றது. அங்கே நீர்த்த எண்ணெய் சூடேறியதும் நழுவி ஓடும், அழுத்தம் குறையும், பேரிங்குகள் தேயும். புதிய திராட்சை இரசத்திற்கும் பழைய தோற்பைக்கும் பொருந்தாது என்று ஆண்டவர் கூறிய உவமை இங்கே நம் நினைவுக்கு வருகிறது. விலை உயர்ந்தது என்பதனால் மட்டும் ஓர் எண்ணெய் ஏற்றதாகிவிடாது.

நம் சமவெளிகளில் உறைபனி இல்லை. ஆதலால் பழைய பெட்ரோல் எஞ்சின்களுக்கு வழக்கமான 20டபிள்யூ-40 இங்கே பொருந்தும். உதகை போன்ற மலையூர்களில், மார்கழிக் குளிரில் வண்டி எளிதாகக் கிளம்ப 15டபிள்யூ-40 உதவும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல அம்பாசடர்களில் பழைய எஞ்சினை அகற்றி வேறு எஞ்சின் பொருத்தியிருப்பார்கள். அப்போது வண்டியின் பெயரை அன்று, உள்ளிருக்கும் எஞ்சினையே நோக்கி, அதற்குரிய கையேட்டின்படி எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி, எதிர்ப்புறத்துத் தவறு ஒன்றும் உண்டு. எஞ்சின் தட்டுகிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறது என்றதும், மேலும் மேலும் கெட்டியான எண்ணெயை ஊற்றுவோர் பலர். தேய்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என ஒரு படி ஏறுவது சில வேளைகளில் துணைபுரியும். எனினும் அது ஊன்றுகோலே, மருந்து அன்று. தேய்ந்த பிஸ்டன் ரிங்கை எந்த எண்ணெயும் வளர்த்துவிடாது. அளவுக்கு மீறிய கெட்டி எண்ணெய், கிளம்பும் வேளையில் மேற்பாகங்களைச் சென்றடையத் தாமதிப்பதால் தேய்மானத்தைக் கூட்டவும் செய்யும்.

இவ்வாறு சத்தத்தை அடக்கி, வண்டி நலமாயிருக்கிறதென்று சொல்லி விற்பவர்களும் உளர். வாங்குபவரும் நம் அயலாரே. இடைவழியில் எஞ்சின் நின்றால், அவ்வண்டியில் பேறுகால வேதனையோடு ஒரு தாய் இருக்கக்கூடும். நோயை மறைத்து விற்பது வியாபாரத் திறமை ஆகாது, அது பொய்ச்சாட்சியே.

ஆதலின், வாரம் ஒருமுறை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் அளவுகோலை எடுத்து எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்போம். உரிய காலத்தில் பழைய எண்ணெயை மாற்றுவோம். எண்ணெய் விளக்கு மினுக்கினால் உடனே வண்டியை நிறுத்தி, நல்ல மெக்கானிக்கை நாடுவோம். நம்மை நம்பி ஏறி அமர்வோரின் உயிர் நம் பொறுப்பில் இருக்கிறது.