நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் லாபமா?

மின்சார ஸ்கூட்டர் புகை விடாது, சரி. அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால்? பலரும் மடக்கும் கேள்வி, நியாயமானதும்கூட.

விடை எஞ்சினில் இருக்கிறது. பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது. மற்றது வெப்பமாக வீண். மின்மோட்டாரோ பெற்றதில் 80 சதவீதத்துக்கு மேல் சுழற்சியாக்கும். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சத்தை பேட்டரிக்கே திருப்பவும் செய்யும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் ஸ்கூட்டர் 100 கி.மீ.க்கு 4.6 கிலோ விடும். மின்சார ஸ்கூட்டருக்கு, மின்கம்பி இழப்பும் சேர்த்து, சுமார் 4 யூனிட். நிலக்கரி மிகுந்த இந்திய மின்சாரத்திலும் ஏறத்தாழ 3 கிலோதான்.

பேட்டரி தயாரிப்பில் கூடுதல் கரிமம் வெளியாவது உண்மை. வண்டி ஓட ஓட அது ஈடாகும். நீர்மின்சாரம் மிகுந்த நார்வேயில் சீக்கிரமே ஈடாகிவிடும். அதிகம் ஓடும் வண்டிக்கும் அப்படியே. ஆக, மின்வண்டிக்கான மானியம் முதலில் போகவேண்டியது நாளெல்லாம் ஓடும் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும்தான்.